பந்துக்குக் கட்டிய காப்பு

"கை தவறின பந்து திரும்பி வரும், வாய் தவறின வார்த்தை வராது" என்று எங்கள் லயத்தில் சொல்வார்கள். உங்கள் தோட்டங்களிலும் இதையே வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள். நம் வயதுக்காரர்களுக்கு இதற்கெல்லாம் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கை தவறின பந்தும் முழுசாகத் திரும்பி வருவதில்லை, கொஞ்சம் குறைந்துதான் வரும் என்பதை நான் ஒன்பது வயதில், கையில் அடுப்புக்கரியோடு, சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தவள். அந்த ஒரு தை மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம். அந்த ஆட்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நல்லதண்ணிப் பக்கம். மலைக்கு யாத்திரை போகிறவர்களின் சீசன் தொடங்கிவிட்டால் பஸ்ஸில் நமக்கு இடம் கிடைக்காது. அந்த மாதங்களில் குளிரும் அப்படித்தான், கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் அம்மா கொழுந்துக் கூடையை எடுத்தால் அதன் கயிறு விறைத்து நிற்கும். மேல் லயம், கீழ் லயம் என்று வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள். நாங்கள் மேல் லயத்தில் நாலாவது காம்பரா. ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் சிமெந்து போட்ட இஸ்தோப்பு. அதில் அப்பா, அம்மா, அக்கா, நான்.

அக்காவுக்கு அப்போது பதினாறு நடந்துகொண்டிருந்தது. படிப்பில் கெட்டிக்காரி. டவுன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கிற வசதியோடு சயன்ஸ் படிக்க ஓர் இடம் இருப்பதாகவும், எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கப்போகும் கண்காட்சிக்குக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் ஐயா வந்து பார்த்து ஒரு பிள்ளையை எடுப்பார் என்றும் பேச்சு. அப்பா அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:

"இந்தா பாரு புள்ள. எடம் கெடைச்சா படி, நான் குறுக்க நிக்கல. கெடைக்கலன்னா, திருவிழா நடந்தாலும் நடக்காட்டியும், அந்த நாள் கழிஞ்ச திங்கக்கெழம பேர் பதிஞ்சிரணும். அப்புறம் மூக்கச் சிந்திக்கிட்டு நிக்கக் கூடாது."

"நிக்கமாட்டேன்" என்றாள் அக்கா.

தோட்டத்து ஆள் புத்தகத்தில் ஒருவரின் பெயர் ஏறுவதைப் 'பேர் பதியிறது' என்பார்கள் ஆண்கள். எங்கள் லயத்துப் பெண்கள் 'பேர் விழுந்துருச்சு' என்பார்கள். ஏறுகிற பெயரை ஏன் விழுந்தது என்று சொன்னார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கண்காட்சிக்கு ஆளுக்கொரு காரியம் என்று சயன்ஸ் வாத்தியார் பிரித்துக் கொடுத்தார். அவர் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற இளவயதுக்காரர். பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய்கூடக் கிடையாது. அதனால் வீட்டில் கிடைக்கிற சாமானில் செய்யக்கூடியதாகப் பார்த்துக் கொடுத்தார். அக்காவுக்கு வாய்த்தது பந்து. வாத்தியார் சொன்னதை அக்கா அன்று சாயங்காலமே என்னை எதிரில் உட்காரவைத்து, அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினாள்:

"மேல தூக்கிப் புடிச்ச பந்துக்குள்ள சக்தி இருக்கு. அது அழுத்த சக்தி. கைய விட்டா அது ஓட்டமா மாறும். அது இயக்க சக்தி. தரையில மோதி நசுங்குறப்ப ஓட்டம் நின்னுபோகும், சக்தி நசுங்கின ரப்பருக்குள்ள ஒளிஞ்சிக்கும். ரப்பர் விரியிறப்ப மறுபடி ஓட்டம். ஆனா விட்ட ஒசரத்துக்கு ஒருநாளும் வராது. அப்ப மிச்ச சக்தி எங்க போச்சு? கண்டுபுடிச்சி எழுதிக்கிட்டு வா!"

"எங்க போச்சு?" என்றேன்.

"அதான்டி கேள்வியே."

பந்து என்னுடையது. தீபாவளிக்குக் கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த மாமா எனக்கென்று கொண்டுவந்தது. ரப்பர் மரத்தில் வெட்டின கோட்டில் பால் காய்ந்து நூல்போல ஒட்டிக்கொண்டிருக்குமே, ஒட்டுப்பால், அதை உரித்து உரித்துச் சுற்றிய பந்து. கடைப்பந்து மாதிரி வழவழப்பு இல்லை. பழுப்பு நிறம், மேலெல்லாம் நரம்பு நரம்பாக இருக்கும். நாற்றமோ, புளித்த பாலும் புகையும் கலந்த நாற்றம். கையை மூன்று தடவை கழுவினாலும் சோற்றில் மணக்கும். ஆனால் குதிக்கும் பாருங்கள், பிசாசு மாதிரி. மாமா சிமெந்தில் ஒரு தட்டு தட்டியதும் கூரைத் தகரத்தில் இடித்துவிட்டு வந்தது. எலி கடித்துவிடும் என்று அம்மா அதை அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணில் வைப்பாள். இரவெல்லாம் அது கரும்புகையும் கணகணப்புமாக அங்கேயே கிடக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் எங்களில் ஒருவரும் நினைவில் வைக்கவில்லை.

அக்கா என்னிடம் பந்தைக் கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டாள். பதிலுக்கு எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். இஸ்தோப்புச் சுவரில் தரையிலிருந்து மேலே நூறு வரைக்கும் சம இடைவெளியில் புள்ளி வைத்திருந்தாள். அவள் நூறிலிருந்து பந்தை விடுவாள். எறியக் கூடாது, அமுக்கக் கூடாது, சும்மா விரலைத் திறக்க வேண்டும். நான் சுவரோரம் கண்ணைப் பந்தின் மட்டத்துக்கு வைத்து, எழும்பின உச்சியில் கரிக்கோடு போட வேண்டும். டப் என்று விழும். "எழுவது!" என்று கத்துவேன். மறுபடி விழும். "அம்பதுக்குக் கொஞ்சம் கீழ!" மறுபடி. முப்பதைத் தாண்டும். அப்புறம் எண்ண முடியாமல் டபடபவென்று துடித்து அடங்கும். அடங்கினதும் அக்கா அதையே பார்த்துக்கொண்டு கேட்பாள்: "சக்தி எங்க போச்சு? ம்? எங்க போச்சு?"

சாணி மெழுகின தரையில் விட்டுப் பார்த்தாள். பாதிகூட வரவில்லை. கொழுந்துச் சாக்கை மடித்துப் போட்டு விட்டாள். பந்து மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன்போல அப்படியே உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் நிறுத்தாமல் சிமெந்தில் ஓங்கி ஓங்கி அடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே பந்தை என் கன்னத்தில் வைத்தாள்.

"என்னா தெரியுது?"

"நாறுது."

"அடிப் போடி. சூடு தெரியலயா?"

தெரிந்தது. இலேசாக, தூங்கும் நாய்க்குட்டியின் வயிறு மாதிரி ஒரு சூடு. அக்கா ஓடிப்போய் நோட்டில் எழுதினாள். அப்புறம் வாத்தியார் எழுதிப்போட்ட வாக்கியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும்." ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பாள்.

இதையெல்லாம் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் காம்பரா அத்தையின் காது.

அத்தையைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முந்தின வருடம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நடக்கவில்லை. கரகம் முதலில் எந்த லயத்து வாசலில் நிற்பது, தீக்குழியை யார் பக்கம் வெட்டுவது என்று மேல் லயமும் கீழ் லயமும் அடித்துக்கொண்டன. தப்புப் பறை அடித்தவர்கள் பாதியில் தப்பைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். பூசாரி மூன்று தடவை உடம்பை உதறியும் சாமி வரவில்லை. அதிலிருந்து இரண்டு லயத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தாலும் குடம் குடத்தோடு பேசினால்தான் உண்டு. கொழுந்து குறைந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் "கோயில விட்டுச் சக்தி போயிருச்சு" என்பார்கள். அந்தக் காதுகளில்தான் என் அக்கா நாள் தவறாமல் "சக்தி எங்க போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் பீலியில் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய் சின்னக்குட்டி, ஒங்க அக்காளுக்கு என்னடி? செவத்தப் பாத்துப் பேசுது?"

"சக்தியத் தேடுதுங்க அத்தை."

குடம் நிறைந்து வழிந்தது. அத்தை அதைப் பார்க்கவில்லை.

"தேடுதா? தேடி என்னான்னு சொல்லுது?"

"சக்திய யாராலயும் அழிக்க முடியாதாம். வேற ரூபம் எடுத்துக்குமாம்."

நோட்டில் இருந்த சொல் வடிவம். எனக்கு வடிவம் என்றால் கணக்குப் பாடத்து முக்கோணமும் சதுரமும். பந்துக்கும் அதற்கும் என்ன? அதனால் கோயில் கதையில் கேட்ட சொல்லை எடுத்துப் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அத்தை குடத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஈரக்கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, லயத்துப் பக்கம் ஓடினார்.

மறுநாள் கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் திரும்பின நேரம், எங்கள் இஸ்தோப்புக்கு முன்னால் சனம் நின்றது. சிலர் கையில் கற்பூரம், சிலர் கையில் எலுமிச்சம்பழம். மேல் லயத்தார் மட்டுமல்ல, ஒரு வருடமாக இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத கீழ் லயத்தாரும் வேலியோரம் நின்றார்கள். அம்மா கொழுந்துக் கறை படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "என்னாங்க, என்னாங்க" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அக்கா நூறாவது புள்ளியில் பந்தைப் பிடித்தபடி நின்றாள். நான் வழக்கம்போல் சுவரோரம், மூக்கில் கரியோடு.

பூசாரி முன்னால் வந்தார். அவர் பகலில் பெக்டரியில் வேலை செய்கிறவர். காக்கிக் காற்சட்டையை மாற்றாமல் மேலே ஒரு மஞ்சள் துண்டை மட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தாயி" என்றார் கையைக் கூப்பி. "நீயே கேக்குறியாம், நீயே சொல்லு. சக்தி எங்க போச்சு?"

அக்கா அவரைப் பார்த்தாள், சனத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் விரலைத் திறந்தாள். டப். பந்து எழும்பி இறங்கி எழும்பி அடங்கும்வரை ஒரு குழந்தைகூட அழவில்லை.

"கொஞ்சம் சத்தமாப் போகுது" என்றாள் அக்கா, வகுப்பில் பதில் சொல்லும் குரலில். "கொஞ்சம் சூடாப் போகுது. கொஞ்சத்தத் தரை வாங்கிக்குது. மிச்சந்தான் திரும்பி வருது."

"திரும்பி வர்றாளாம்டியோவ்!" என்று அத்தை போட்ட கூச்சலில் கோழிகள் பறந்தன.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். சத்தம் என்றால் தப்பு, நிறுத்தின தப்பை அடிக்கச் சொல்கிறாள் என்றார் ஒருவர். சூடு என்றால் தீமிதி, வேறென்ன என்றார் இன்னொருவர். தரை வாங்கிக்கிறதென்றால் குழியை மேலேயும் வெட்டாதே கீழேயும் வெட்டாதே, நடுவில் இருக்கிற வெட்டவெளித் தரையில் வெட்டு என்று அர்த்தம் என்றார் கீழ் லயத்துத் தலைவர். "நான் போன வருசமே அதத்தான் சொன்னேன்" என்றார் மேல் லயத்துத் தலைவர். அவர் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வெற்றிலை நீட்டிக்கொண்டார்கள். அம்மா அழுதாள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாதவர்போல நின்றார்.

பூசாரி மட்டும் வாசற்படிப் பக்கம் வந்தார். வாசற்படியில் அக்காவின் நோட்டு திறந்து கிடந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஒரு பக்கத்தை மெதுவாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"புள்ளைக்குக் காப்புக் கட்டுங்க பூசாரி" என்று சனம் சொன்னது.

காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த கட்டுத்தான். பள்ளிக்கூடம் எல்லைக்கு அந்தப் பக்கம். கண்காட்சி அடுத்த வெள்ளிக்கிழமை. வழக்கப்படி திருவிழா அதை அடுத்த சனியும் ஞாயிறும். அக்காவின் கை பந்தை இறுக்கிப் பிடித்ததை நான் கீழேயிருந்து பார்த்தேன்.

"வெள்ளிக்கெழம அவ பள்ளிக்கூடம் போகணுங்களே" என்றாள் அம்மா, யாருக்கும் கேட்காத குரலில்.

பூசாரிக்குக் கேட்டது. அவர் சனத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஒண்ணு கேக்குறேன் சொல்லுங்க. மாரியம்மா எதுல எறங்கினா? புள்ளயிலயா, பந்துலயா?"

சனம் பந்தைப் பார்த்தது.

"குதிச்சது எது?"

"பந்துங்க" என்றது கூட்டம்.

"அப்ப குதிச்சதுக்குத்தானே காப்பு" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று ஒரு சொல் உண்டு. எங்கள் கதையில் பூசாரிதான் கொடுத்தார். மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்குத் துண்டைக் கோத்துப் பந்தைச் சுற்றிக் கட்டி, குங்குமம் வைத்து, கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மனின் காலடிக் கல்லில் வைத்தார். ஏழு நாள் என் பந்து அந்தக் கருங்கல்லில் உட்கார்ந்து கற்பூரம் வாங்கிக்கொண்டது. நான் தினமும் போய்க் கும்பிட்டேன். பந்து எனக்குத் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் என் வேண்டுதல்.

அந்த ஏழு நாளும் அக்கா நடந்து போனால் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் பேச வாயெடுத்தால் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா நோட்டை மட்டும் இரண்டு தடவை நல்ல கையெழுத்தில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது நாங்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பூசாரி எங்களுக்கு முன்னாலேயே வந்து காப்பை அவிழ்த்து வைத்திருந்தார்.

"சாயங்காலம் வௌக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டாந்துரு தாயி. யாராச்சும் கேட்டா அம்மாவக் குளிக்க அனுப்பியிருக்கேன்னு சொல்லிக்கிறேன்."

பந்தை அக்காவின் கையில் வைத்தார். அக்கா "ஸ்ஸ்" என்றாள். கல் மாதிரி குளிர்ந்திருந்தது. அவள் அதை நோட்டோடு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். கோடு போடுபவள் நான். நான் இல்லாமல் எப்படி என்று நானும் கூடப் போயிருந்தேன்.

பள்ளிக்கூடம் சிமெந்துத் தரை போட்ட அரைச்சுவர்க் கட்டடம். ஒரு பக்கத்தில் புகுந்த மூடுபனி மேசைகளைப் பார்த்துக்கொண்டே மறுபக்கம் வெளியேறிக்கொண்டிருந்தது. கந்தோர் ஐயா கழுத்தில் மப்ளர் சுற்றி, கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். எங்கள் மேசைக்கு வரும்போது பத்து மணி இருக்கும். அக்கா நன்றாகத்தான் சொன்னாள். அழுத்த சக்தி, இயக்க சக்தி, சத்தம், சூடு எல்லாம். "நூறுல இருந்து விட்டா எழுபது எழும்பும் ஐயா" என்று சொல்லி, அங்கே ஒட்டியிருந்த அளவுகோலில் நூறுக்கு நேராகப் பிடித்து விரலைத் திறந்தாள்.

தொப்.

நான் கோடு போட்டேன். எதைக் கத்துவது என்று தெரியவில்லை. ஐம்பது.

இன்னொரு தடவை விட்டாள். ஐம்பது. மூன்றாம் தடவை ஐம்பத்திரண்டு என்று நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

ஐயா நோட்டைப் பார்த்தார். "இதுல எழுவது. இங்க அம்பது. எது பொய்?"

"ரெண்டும் பொய்யில்லைங்க ஐயா. வீட்டுல எழுவதுதான் எழும்பிச்சு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் ஐயா. கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாத்தியாரும் சிரித்தார், பெரியவர் சிரித்தால் சிரிக்கிற சிரிப்பு. அப்புறம் பந்தை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "பழசாப் போச்சு போல" என்றார். ஐயா அடுத்த மேசைக்குப் போனார். அங்கே ஒரு பையன் தகர டப்பாவில் எரிமலை செய்திருந்தான். அதில் புகை வந்தது. இடம் எரிமலைக்குப் போனது.

திரும்பி வரும் வழியில் அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டில் அம்மா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, பையிலிருந்து பந்தை எடுத்து, பழக்க தோஷத்தில் பரணில் வைத்தாள். கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் தேத்தண்ணி குடித்தோம், அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் நெருங்கவே கோயிலுக்குக் கொண்டுபோகப் பந்தை எடுத்தாள். இஸ்தோப்பில் அது கை தவறி விழுந்தது.

டப்!

பந்து எழும்பி எங்கள் பழைய கரிக்கோட்டைத் தொட்டுவிட்டு இறங்கியது. நான் யாரும் கேட்காமலே "எழுவது!" என்று கத்தினேன்.

அக்கா கரிக்கோட்டைப் பார்த்தாள். பிறகு பந்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாள். விரல் சிவந்து போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். துடைத்துவிட்டு நூறிலிருந்து விட்டாள். அறுபதுக்கு வரவில்லை. அடுப்போரம் வைத்துச் சூடாக்கி விட்டாள். எழுபது.

"குளிருடி" என்றாள். "ஏழு நாள் கல்லுல குளிர்ந்து கெடந்துச்சு. அதான்."

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "கோயிலுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார். அக்கா போவதற்கு முன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினாள்: "குளிர்ந்த பந்து குறைவாக எழும்புகிறது. அதற்குள் அதிக சக்தி சூடாகப் போய்விடுகிறது போலும். சயன்ஸ் சேரிடம் கேட்க வேண்டும்."

திருவிழா நன்றாக நடந்தது. அப்படி ஒரு திருவிழா அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை என்பார்கள். தப்புச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. நடுத்தரையில் குழி வெட்டி இரண்டு லயத்தாரும் ஒரே வரிசையில் தீ மிதித்தார்கள். பூசாரிக்குச் சாமி வந்தது. ஞாயிற்றுக்கிழமை முடிவில் அவிழ்த்த காப்புகளையும் முளைப்பாரியையும் ஆற்றில் விட்டார்கள். காப்புக் கட்டியது என்பதால் பந்தையும் விட்டார்கள். நான் அழுதேன், அம்மனை அனுப்புகிறோமே என்று அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒட்டுப்பால் பந்து அமிழவில்லை. முளைப்பாரிக்கு நடுவே தலையை ஆட்டிக்கொண்டே போனது. அந்தத் தண்ணீர் இறங்கி இறங்கிப் போய், பொல்பிட்டியப் பக்கம் விழுகிற வேகத்தில்தான் கரண்ட் ஆகிறது என்று வாத்தியார் வேறொரு பாடத்தில் சொன்னார். எங்கள் லயத்துக்கு அந்தக் கரண்ட் வந்து சேர வெகு காலம் ஆனது.

திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடுகிற இடத்தில் அக்கா அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றாள். மூக்கைச் சிந்தவில்லை. அன்று நோட்டை நான்தான் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அக்கா எங்க?"

"பேர் விழுந்துருச்சுங்க சேர்."

அவர் கடைசிப் பக்கத்தைப் படித்தார். மூடினார். மறுபடி திறந்து படித்தார். "பந்து எங்க?" என்றார். "ஆத்துலங்க" என்றேன். கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதிப்போட்டதாக வருடக் கடைசியில் சொன்னார். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

யாரைச் சொல்வது? அத்தை கேட்டதைச் சொன்னார். பூசாரி உதவிதான் செய்தார். ஐயா கண்ணால் கண்டதைச் சொன்னார். அப்பா சொன்ன சொல் தவறாதவர். எல்லோரும் அவரவர் அளவில் சரியாகத்தான் இருந்தார்கள். கணக்குப் பார்த்தால் வாய் தவறியது எனக்கு மட்டும்தான். வடிவம் என்று சொல்லியிருந்தால் அத்தை "என்னமோ பாடம்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். பந்து பரணிலேயே கிடந்திருக்கும். கண்காட்சி அன்று எழுபது எழும்பியிருக்கும்.

இதை நான் அக்காவிடம் சொல்ல ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது. அவள் கீழ் லயத்திலேயே வாக்கப்பட்டு, கொழுந்து எடுத்து, பென்ஷன் காலத்துக்கு வந்துவிட்டாள். நான் டவுனில் கடைக்காரருக்கு வாக்கப்பட்டு, பழைய பேப்பரில் சாமான் கட்டிக்கொடுக்கும்போது படித்ததே படிப்பு என்று ஆனவள். போன தை மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, தேத்தண்ணியை முன்னால் வைத்துக்கொண்டு, பீலியில் நடந்ததை மெல்லச் சொன்னேன்.

"தெரியும்டி" என்றாள்.

"என்னா தெரியும்?"

"நீ ரூபம்னு சொன்னது. வாளியத் தூக்கிக்கிட்டு ஒனக்குப் பின்னாலதான வந்தேன். கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

நான் அவளைப் பார்த்தேன். "அப்ப மறுநாள் அம்புட்டு சனம் வந்து நின்னப்பவாச்சும், இது பாடம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்." அவள் கையை விரித்து, கொழுந்துக் காம்பு வெட்டி வெட்டிக் கறுத்துப்போன விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள். "பந்த விட்டேன் பாரு, ஒரு சின்னப் புள்ளகூட அழல. பூசாரி கையக் கூப்பிக்கிட்டு நிக்கிறாரு. அப்பா நிக்கிறாரு. ரெண்டு லயமும் மூச்ச அடக்கிக்கிட்டு, நான் என்னா சொல்லப்போறேன்னு நிக்கிது. அதுக்கு முன்னாடியும் யாரும் அப்படிக் கேக்கல, பொறகும் கேக்கல. அத நானே போயி எப்படிக் கலைக்கிறது?"

அவள் என் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினாள்.

"குடிடி" என்றாள் பிறகு. "சூடு போகுது பாரு."